கண்ணாடி இழையில் ஒரு மாநாடு

விஞ்ஞானிகளும் பொறியியலாளர்களும் ஆண்டுக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடித் தத்தம் வேலையைப் பற்றிக் கலந்து பேசுவது நெடுநாளைய வழக்கம். அத்தகைய மாநாடுகள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே நடைபெறுகின்றன. விமானக் கட்டணம், விசா, தங்கும் செலவு, விடுப்பு ஆகிய நான்கும் ஒருங்கே கைகூடியவர்களே அவற்றிற்குச் செல்ல இயலும். சித்தூர் மாவட்டத்தில் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு கற்பிக்கும் ஆசிரியரும், ஊர் ஊராகச் சென்று கிணற்று நீர்மட்டத்தைக் குறித்து வரும் களப் பணியாளரும் மாநாட்டைப் பற்றிய செய்தியைப் படிப்பதோடு திருப்தி அடைய வேண்டியவர்களாகவே இருந்தனர். அவர்கள் நாள்தோறும் உபயோகிக்கும் கணிப்பொறியின் மென்பொருளைப் பற்றிய மாநாடாக இருந்தாலும் இதே நிலைதான்.

2020ஆம் ஆண்டில் இந்நிலை எதிர்பாராத காரணத்தால் மாறிற்று. டெபியன் என்னும் கணிப்பொறி இயங்குதளத்தை உருவாக்கும் உலகளாவிய சமூகம், அவ்வாண்டு இஸ்ரேல் நாட்டின் ஹைஃபா நகரில் தன் மாநாட்டை நடத்துவதாக இருந்தது. கொரோனா நோய் பரவியதால் பயணங்கள் நின்றன. மாநாட்டைக் கைவிடுவதற்குப் பதிலாக, ஆகஸ்ட் 23 முதல் 29 வரை அதனை முழுவதும் இணையவழியே நடத்தினர். 80 நாடுகளிலிருந்து 850க்கும் மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டனர்; 100க்கும் மேற்பட்ட உரைகளும் கலந்துரையாடல்களும் நிகழ்ந்தன. 2000ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் தொடங்கிய இம்மாநாட்டு வரிசையில், கூடும் இடம் என்று ஓர் ஊரே இல்லாமற்போனது அதுவே முதன்முறை.

திருப்பதியில் அந்த ஆண்டை யாரும் எளிதில் மறக்கமாட்டார்கள். மார்ச்சு மாதம் 20ஆம் நாள் திருமலையில் பக்தர்களின் தரிசனம் நிறுத்தப்பட்டு, ஜூன் மாதத்திலேதான் மீண்டும் தொடங்கியது. நாள்தோறும் பல்லாயிரவர் வந்திறங்கிய நகரத்தின் தெருக்கள் அடங்கிக் கிடந்தன. ஆகஸ்ட் மாதத்தில் கல்யாண உற்சவத்தில் பக்தர்கள் தத்தம் வீட்டிலிருந்தே இணையவழியாகப் பங்கு கொள்ளும் ஏற்பாட்டைத் தேவஸ்தானம் தொடங்கிற்று. நேரில் கூடுவதையே உயிராகக் கொண்ட ஊரும், ஆண்டு முழுவதும் கடிதம் வழியே வேலை செய்து ஒரு வாரம் மட்டும் நேரில் சந்திக்கும் மென்பொருட் சமூகமும் ஒரே மாதத்தில் ஒரே வழியை நாடின என்பது கவனிக்கத்தக்கது.

இணையவழி மாநாட்டினால் தூரம் என்னும் தடை நீங்கிற்று. ஆனால் தூரம் ஒன்றே தடையன்று. கம்பி, நேரம், மொழி ஆகியவை எஞ்சி நிற்கின்றன. அவற்றைத் தாண்டிய பின்னரும் வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பதற்கும் பங்கு கொள்வதற்கும் இடையே ஒரு படி இருக்கிறது. சித்தூர், திருப்பதிப் பிரதேசத்தை உதாரணமாகக் கொண்டு இவற்றை ஆராய்வது பயனுள்ளது.

டெபியன் என்பது யாது?

கணிப்பொறியின் உறுப்புகளை ஒருங்கே இயக்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். பல நிறுவனங்கள் தங்கள் இயங்குதளத்தின் மூலநிரலை, அதாவது மனிதர் எழுதிய வடிவிலுள்ள கட்டளைகளை, வெளியிடுவதில்லை. வாங்கியவர் அதனை ஓட்டலாம். திறந்து பார்க்கவோ திருத்தவோ இயலாது. இதற்கு மாறாக, மூலநிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை அளிப்பதே கட்டற்ற மென்பொருள் அல்லது திறந்த மூலநிரல் எனப்படுகிறது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலும் இதற்கு அடிப்படையாயின. இவற்றையும் வேறு பல மென்பொருள்களையும் தொகுத்து, எவரும் எளிதில் நிறுவிக்கொள்ளத்தக்க முழு இயங்குதளமாக்கும் பணியை 1993 ஆகஸ்ட் 16ஆம் நாள் இயன் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர் தொடங்கினார். அதுவே டெபியன்.

டெபியனுக்கு உரிமையாளர் இல்லை. விற்பனை நிலையமும் இல்லை. உலகெங்குமுள்ள தொண்டர்கள் ஆளுக்கொரு பகுதியைப் பொறுப்பேற்றுப் பேணி வருகின்றனர். 2021 ஆகஸ்ட் 14ஆம் நாள் வெளிவந்த அதன் 11ஆம் பதிப்பில் 59,551 மென்பொருட் பொதிகள் இருந்தன. ஒருவர் தம் பொதியை மாற்றினால் அதனைச் சார்ந்த வேறு நூறு பொதிகள் பாதிக்கப்படலாம். ஆகவே இவர்களிடையே ஓயாத உரையாடல் தேவைப்படுகிறது. திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் காதங்கி என்னுமிடத்திலுள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடத்தின் பெரிய ராடாரைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே 1,024 சிறு ஆண்டெனாக்கள் ஒரு வயலில் வரிசையாக நிற்கின்றன. தனித்தனியே அவற்றின் ஆற்றல் அற்பம். எல்லாம் காலப் பிசகின்றி ஒத்திசையும்போதே மேல் வளிமண்டலத்திலிருந்து திரும்பும் மெல்லிய எதிரொலி பிடிபடுகிறது.

நம் நாட்டுப் பள்ளிகளுக்கு டெபியன் அந்நியமானதன்று. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்ட பாஸ் என்னும் பாரத இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. 2011 முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் அதுவும் இடம் பெற்றிருந்தது. எனவே இம்மாநாட்டில் பேசப்படும் விஷயங்கள் எங்கோ நடக்கும் புதுமைகள் அல்ல. வகுப்பறை மேசையின் மேலுள்ள பொருளைப் பற்றியவை.

குரலும் உருவமும் வந்து சேரும் வழி

இணையவழி மாநாட்டில் ஒருவர் பேசுவதை ஆயிரம் பேர் கேட்பது எவ்வாறு? ஐம்பது பேர் ஒருவரோடொருவர் நேரே இணைப்பு வைத்துக்கொள்வதாகக் கொண்டால், 1,225 இணைப்புகள் தேவைப்படும். ஒவ்வொருவரும் தம் உருவத்தை 49 முறை அனுப்ப வேண்டியிருக்கும். எந்த வீட்டு இணைப்பும் இதைத் தாங்காது. ஆகவே நடுவில் ஒரு பாலம் போன்ற சேவைக் கணிப்பொறியை அமைக்கின்றனர். பங்கு கொள்வோர் தம் உருவத்தை ஒருமுறை மட்டும் பாலத்திற்கு அனுப்புவர். மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது பாலத்தின் வேலை. டெபியன் மாநாட்டில் இதற்கு ஜிட்சி என்னும் மென்பொருள் பயன்பட்டது. இதுவும் மூலநிரல் திறந்ததே.

பாலத்திற்குள் எல்லாரும் நுழைவதில்லை. பேச்சாளரும் அமர்வை நடத்துபவரும் மட்டுமே அதில் இருப்பர். அவர்களுடைய உருவமும் குரலும் ஒன்று சேர்க்கப்பட்டு, ஒளிபரப்பைப் போல வெளியே செல்லும். இந்த ஒளிபரப்பைக் காண்பதற்குப் பதிவோ கட்டணமோ தேவையில்லை. பேச்சாளர்களிற் பலர் உரையை முன்னதாகவே பதிவு செய்து அனுப்பிவிட்டு, கேள்வி நேரத்தில் மட்டும் நேரடியாகத் தோன்றினர். பேசும்போது இணைப்பு அறுந்து போகும் என்னும் கவலை இதனாற் குறைந்தது. மின்வெட்டுக்குப் பழகிய நம் ஊர்ப் பேச்சாளருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

பார்வையாளர் ஒரு சிறு விஷயத்தை அறிந்திருத்தல் அவசியம். ஒளிபரப்பு பார்வையாளரை வந்தடையும் முன் துண்டு துண்டாக வெட்டப்பட்டு, சில துண்டுகள் கையிருப்பிற் சேர்ந்த பிறகே திரையில் ஓடத் தொடங்குகிறது. இடையில் இணைப்பு சற்றுத் தடுமாறினாலும் படம் நிற்காமலிருக்கவே இந்தக் கையிருப்பு. இதன் பயனாக, பார்வையாளர் காண்பது பேச்சாளர் பல விநாடிகளுக்கு முன் சொன்னதாகும். தாமதத்திற்கு ஒளியின் வேகம் காரணமன்று. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. 10,000 கிலோமீட்டர் நீளமுள்ள இழையைக் கடக்க ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கே பிடிக்கும். வெட்டித் தொகுக்கும் முறையே காலத்தை விழுங்குகிறது. ஆகையால் கேள்வி கேட்க விரும்புவோர் பேச்சு முடியும் வரை காத்திராமல், எண்ணம் தோன்றியவுடனே எழுதி அனுப்பிவிடுவது நல்லது. முடிவில் எழுதினால், அது சென்று சேர்வதற்குள் அமர்வே கலைந்திருக்கக்கூடும்.

மின்கம்பத்தில் தொங்கும் இழை

கடலுக்கு அப்பாலிருந்து வரும் செய்தி பல வழிகளில் நாட்டினுள் நுழைகிறது. சென்னைக் கடற்கரையில் 2002இல் சிங்கப்பூருடன் இணைக்கும் கடலடிக் கம்பியும், 2005இல் தென்கிழக்கு ஆசியாவையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைக்கும் நீண்ட கம்பி ஒன்றின் கிளையும் கரையேறின. சென்னையிலிருந்து திருப்பதி ஏறத்தாழ 135 கிலோமீட்டர்தான். உலகத்தின் வாசற்படி இவ்வளவு அருகில் இருந்தும், கடைசிச் சில கிலோமீட்டர்களே எப்போதும் கடினமாக இருந்து வந்துள்ளன. பாறையும் காடும் நிறைந்த சித்தூர் நிலத்தில் பள்ளம் தோண்டி இழை புதைப்பது செலவு மிக்கது.

ஆந்திரப் பிரதேச அரசின் ஃபைபர் கிரிட் திட்டம் இதற்கு ஒரு குறுக்கு வழியைக் கையாண்டது. ஏற்கனவே நிற்கும் மின்கம்பங்களின் மீதே கண்ணாடி இழையைக் கட்டி இழுத்தனர். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாதாகையால் இது சாத்தியமாயிற்று. முதற்கட்டத்தில் மாநிலமெங்கும் சுமார் 24,000 கிலோமீட்டர் இழை இவ்வாறு கம்பங்களின் மேல் சென்றது. 2017 டிசம்பர் 27ஆம் நாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் இதனைத் தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் மாதம் 149 ரூபாய்க்கு இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றும் அளிக்கப்பட்டன. இம்முறையின் குறையும் வெளிப்படையானது. புயலிலோ மரம் முறிந்தோ கம்பம் சாய்ந்தால் விளக்கும் போகும், இணையமும் போகும். களப் பணியாளர் பலர் கைப்பேசி அலையையே நம்பியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கைப்பேசியில் பார்ப்பவருக்குத் தரவின் அளவு முக்கியம். விநாடிக்கு 10 லட்சம் துணுக்குகள் செல்லும் நடுத்தரப் படத்துடன் 45 நிமிட உரை ஒன்றைக் காண ஏறத்தாழ 340 மெகாபைட் செலவாகும். அதே உரையின் ஒலியை மட்டும் விநாடிக்கு 32,000 துணுக்குகள் வீதம் கேட்டால் 11 மெகாபைட் போதும். முப்பதில் ஒரு பங்கு. உரையின் சாரம் பெரும்பாலும் குரலில்தான் இருக்கிறது. படங்காட்டும் பக்கங்களைப் பேச்சாளர் தனியே கொடுத்திருந்தால் அவற்றை முன்னதாக இறக்கி வைத்துக்கொண்டு ஒலியை மட்டும் கேட்பது, குறைந்த செலவில் முழுப் பயனையும் தரும்.

நேரத்தைக் குறித்தும் சொல்ல வேண்டும். பல நாட்டார் கூடும் மாநாட்டின் நிகழ்ச்சி நிரல், உலகப் பொது நேரத்தில் அச்சிடப்படும். அதனுடன் ஐந்தரை மணியைக் கூட்டினால் இந்திய நேரம் வரும். 14 மணி என்றிருந்தால் நமக்கு இரவு ஏழரை. 20 மணி என்றிருந்தால் மறுநாள் அதிகாலை ஒன்றரை. அமெரிக்கர்க்கு வசதியான கடைசி அமர்வுகள் நம் நள்ளிரவில் நிகழ்வதைத் தவிர்க்க வழியில்லை. (இந்திய நேரமே 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. திருப்பதி அதற்கு மேற்கே இருப்பதால், அங்கே சூரியனைக் கொண்டு கணக்கிடும் நேரம் கடிகாரத்திற்குச் சராசரியாக 12 நிமிடம் பிந்தியது. மாணவர்க்குத் தீர்க்கரேகையை விளக்க மாநாட்டு நிரலைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.)

இரு மொழி நிலம்

1911இல் உருவான சித்தூர் மாவட்டம் நெடுங்காலம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. எல்லை மாற்றத்தின்படி 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்குச் சென்றது; 2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறினும் மக்களின் பேச்சு மாறவில்லை. நகரி, குப்பம், சத்தியவேடு முதலிய பகுதிகளில் தெலுங்கும் தமிழும் ஒரே கடைத்தெருவில் கலந்து ஒலிக்கின்றன. தமிழ் வழிப் பள்ளிகளும் உள்ளன. இத்தகைய நிலத்திலுள்ளவருக்கு, ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் மாநாடு பாதி திறந்த கதவு போன்றதே. வாசிக்கத் தெரிந்த ஆங்கிலம் வேறு. விரைவாகப் பேசப்படும் ஆங்கிலத்தைக் கேட்டுப் புரிந்து, அதே விரைவில் கேள்வி எழுப்புவது வேறு.

இந்திய டெபியன் தொண்டர்கள் 2021 ஜனவரி 23, 24 நாட்களில் இணையவழியே நடத்திய சிறு மாநாட்டில் இந்திய மொழிகளிலும் உரைகளுக்கு இடமளித்தனர். அவ்வாண்டு ஆகஸ்ட் 24 முதல் 28 வரை நடந்த உலக மாநாடும் இணையவழியதே. அதில் இந்திய மொழிகளுக்கெனத் தனிப்பிரிவு அமைந்து, தெலுங்கு, தமிழ், மலையாளம், இந்தி, மராத்தி ஆகிய மொழிகளில் அமர்வுகள் நிகழ்ந்தன. நேரில் கூடும் மாநாட்டில் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் அரங்கம் ஒதுக்குவது கடினம். ஐந்து பேர் அமர்ந்த அரங்கம் வெறிச்சென்று தோன்றும். இணையவழியிலோ அரங்க வாடகை இல்லை. சிறு கூட்டமும் கூட்டமே.

மொழியில் எழுதிக் கேட்பதிலும் ஒரு நுட்பச் சிக்கல் உண்டு. மாநாட்டில் கேள்விகள் வந்து சேரும் வழிகளுள் ஒன்று ஐ.ஆர்.சி. எனப்படும் எழுத்து உரையாடல் முறை. 1988இல் பின்லாந்தில் ஜார்க்கோ ஒய்க்காரினென் என்பவர் அமைத்த இம்முறை, ஒரு செய்திவரி 512 பைட்டுக்கு மேற்படக் கூடாது என்று விதிக்கிறது. உரோமன் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழும் தெலுங்கும் யூனிகோடு முறையில் ஒவ்வொரு குறியீட்டிற்கும் மூன்று பைட் கொள்கின்றன. ‘தமிழ்’ என்னும் சொல் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணிப்பொறிக்கோ அது தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடு. ஆக 15 பைட். அதையே உரோமன் எழுத்தில் எழுதினால் ஐந்து பைட். தெலுங்கு என்னும் பெயரைத் தெலுங்கு எழுத்தில் எழுதினால் 18 பைட். முகவரிக்கும் அறையின் பெயருக்கும் போக மிஞ்சும் இடத்தில் தமிழ்க் குறியீடுகள் 150 அடங்கினாலே அதிகம். சில செயலிகள் நீண்ட வரியைத் தாமே இரண்டாகப் பிரித்து அனுப்பும். பிரிக்காதவற்றில் கேள்வியின் வால் அறுந்துபோகும். தமிழிற் கேட்பவர் கேள்வியின் கருத்தை முதலிலும் முகமனைக் கடைசியிலும் வைப்பது இக்காரணத்தாற் சிறந்தது. நம் வழக்கம் இதற்கு நேர்மாறானது!

பார்வையாளர், பங்காளர்

ஒரு வாரம் முழுவதும் உரைகளைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறவர் தொலைக்காட்சி பார்த்தவருக்கு ஒப்பானவர். திறந்த மூலநிரல் மாநாட்டின் சிறப்பு, கேட்பவரும் அதே வேலையிற் கைவைக்கலாம் என்பதே. நிரல் எழுதத் தெரிந்தால்தான் இது இயலும் என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று. மாநாட்டு நாட்களிலேயே, அமர்வின் தொடக்கத்தில் பேச்சாளரை அறிமுகம் செய்வதும், வந்து சேர்ந்த கேள்விகளைத் தொகுத்து அவருக்கு வாசிப்பதும் தொண்டர்களின் வேலை. வகுப்பை நடத்திப் பழகிய ஆசிரியருக்கு இது புதிய கலையன்று.

இதனினும் பெரிய வேலை குறைகளைத் தெரிவிப்பது. ‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். கணிப்பொறியின் நினைவில் ககரம் முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் பதிவாகின்றன. திரையில் தோன்றும்போதோ அக்குறி இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி ககரத்தின் முன்னும் மறுபாதி பின்னும் நிற்க வேண்டும். எழுத்துருவிலோ அதனை வரையும் மென்பொருளிலோ சிறு பிழை நேர்ந்தால் கொம்பு இடம் மாறி நிற்கும். ஜெர்மனியிலுள்ள பொறியியலாளர் எவ்வளவு திறமைசாலியாயினும் அத்திரையைப் பார்த்து ‘தவறு’ என்று சொல்ல அவரால் முடியாது. அவருக்கு இரண்டும் ஒன்றே. நான்காம் வகுப்பு ஆசிரியர் அதைக் கண்ட கணமே அறிவார். அவர் சொல்லாவிட்டால், பிழை அடுத்த பதிப்பிலும் தொடரும். அதைப் படித்தே குழந்தைகள் எழுத்துக் கூட்டுவர்.

குறையைத் தெரிவிக்கும் முறை எளிது. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, என்ன செய்யப்பட்டது, என்ன எதிர்பார்க்கப்பட்டது, என்ன நேர்ந்தது. இவ்வளவும் இருந்தால் போதும். திரையின் படம் ஒன்றைச் சேர்ப்பது நலம். ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று மட்டும் எழுதினால் எவராலும் எதுவும் செய்ய இயலாது. பயிரில் நோய் கண்ட உழவர் ‘செடி சரியில்லை’ என்று மட்டும் சொன்னால் களப் பணியாளர் என்ன செய்வார்? எந்த வயல், எந்த இலை, எத்தனை நாளாக என்று கேட்பாரன்றோ. டெபியனில் ஒவ்வொரு முறையீட்டிற்கும் ஓர் எண் கொடுக்கப்படுகிறது. அது தீரும் வரை யாவரும் காணும்படி திறந்தே இருக்கிறது. அலுவலகக் கோப்புகளின் போக்கை அறிந்தவர்கள் இந்த ஏற்பாட்டின் அருமையை உணர்வர்.

மொழிபெயர்ப்பு மற்றொரு வழி. டெபியனை நிறுவும்போது தோன்றும் கேள்விகள் தமிழிலும் தெலுங்கிலும் கிடைக்கின்றன. யாரோ சிலர் அமர்ந்து வரி வரியாக மொழிபெயர்த்ததனால் கிடைப்பவை அவை. மூல வாசகம் மாறுந்தோறும் மொழிபெயர்ப்பும் மாற வேண்டியிருப்பதால், இது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று.

இணையத்தால் இயலாதது

நேரில் சந்திப்பதற்கு முழு மாற்று கிடைத்துவிட்டது என்று கூறுவது மிகையாகும். டெபியனில் முழு உரிமையுள்ள உறுப்பினராவதற்கு ஒருவர் தம் மின்கையொப்பத்தைப் பழைய உறுப்பினர் அங்கீகரிக்கச் செய்தல் வேண்டும். வழக்கப்படி இருவரும் நேரிற் கண்டு, அடையாளச் சீட்டைச் சரிபார்த்த பின்னரே அங்கீகாரம் அளிக்கப்படும். மாநாடுகளில் இதற்கென்றே வரிசையாக நின்று ஒருவர் சீட்டை ஒருவர் பார்ப்பதுண்டு. பொறுப்பேற்பவர் இன்னார் என்று உறுதி செய்யாமல், கோடிக்கணக்கான கணிப்பொறிகளிற் செல்லும் நிரலை அவரிடம் ஒப்படைப்பது ஆபத்து. திரையிற் காட்டிய சீட்டை எவ்வளவு நம்பலாம் என்னும் கேள்வி நோய்க்காலத்தில் எழுந்தது. நேரில் எவரையும் சந்திக்க இயலாதவர்களுக்கு, அவர் ஏற்கனவே செய்த வேலையைக் கொண்டு சான்றளிக்கும் மாற்று வழியும் ஏற்பட்டது. ஆனாலும் நேர்ச் சந்திப்பே இன்றும் சிறந்த சான்றாகக் கருதப்படுகிறது. பெருநகரத்திற்கு வெளியே வாழ்பவர்க்கு இது சிறிய இடையூறன்று.

உணவு வேளையில் நிகழும் பேச்சும் அப்படியே. அமர்வில் வாய் திறவாதவர் தேநீர்க் கோப்பையுடன் நிற்கையில் தம் ஐயத்தைக் கேட்டுவிடுவார். இணையவழி மாநாட்டில் இதற்கென உரையாடல் அறைகள் திறந்து வைக்கப்பட்டன. நேரில் எடுக்கும் குழுப் புகைப்படத்திற்குப் பதிலாகத் திரையிற் கட்டம் கட்டமாகத் தோன்றிய முகங்களைப் படம் பிடித்தனர். முயற்சி பாராட்டுக்குரியதே. எனினும், புதிதாக வந்தவர் எந்த அறையினுள் நுழைவது என்று தயங்கி, வெளியிலேயே நின்றுவிடும் நிலையை அது முற்றும் நீக்கவில்லை. முன்னரே ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்கே அவ்வறைகள் மிகுந்த பயன் அளித்தன எனலாம்.

2022இல் கொசோவோவின் பிரிஸ்ரென் நகரில் மாநாடு மீண்டும் நேரில் கூடிற்று. 2023 செப்டம்பர் 10 முதல் 17 வரை கொச்சியில் நடந்தது. இந்தியாவில் டெபியன் உலக மாநாடு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. திருப்பதி, சித்தூர், காட்பாடி வழியே எறணாகுளம் செல்லும் சபரி விரைவு வண்டியில் ஏறினால் விமானமும் விசாவும் இன்றி அங்கே சேரலாம். இப்பகுதியினர்க்கு அத்தகைய வாய்ப்பு முன்னர் கிட்டியதில்லை. அடுத்த மாநாடுகள் 2024இல் தென்கொரியாவின் பூசான் நகருக்கும், 2025இல் பிரான்சின் பிரெஸ்ட் நகருக்கும் சென்றுவிட்டன. தொலைவிலிருந்து பார்ப்பதற்கான ஒளிபரப்பு தொடர்ந்து நடைபெறுகிறது. ஆனால் அரங்கத்தில் நூறு பேர் அமர்ந்திருக்கும்போது, திரைக்கு அப்பாலிருந்து வரும் கேள்வி இரண்டாமிடத்திற்குத் தள்ளப்படுவது இயற்கை. 2020இலும் 2021இலும் எல்லாரும் சமதூரத்தில் இருந்தனர். பாரிசும் பாகாலாவும் அன்று ஒரே வரிசையில் அமர்ந்தன. அந்த நிலை இப்போது இல்லை. அமர்வை நடத்துபவர் அரங்கத்துக் கேள்வி ஒன்றுக்குத் தொலைக் கேள்வி ஒன்று என மாறி மாறி எடுத்துக்கொள்வாரானால் இக்குறை பெரிதும் குறையும். அதற்குச் செலவு ஏதும் இல்லை.

உரைகளின் பதிவுகள் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளும்படி வைக்கப்பட்டுள்ளன. நெரிசல் குறைந்த பின்னிரவில் ஒரு கணிப்பொறியில் இறக்கி வைத்துவிட்டால், மறுநாள் மின்சாரம் உள்ள நேரத்தில், இணைப்பு இல்லாமலே வகுப்பில் காட்டலாம். நடுநடுவே நிறுத்தி விளக்கவும் முடியும். நாற்பத்தைந்து நிமிட உரை ஒன்று, பள்ளியின் ஒரு பாடவேளைக்குச் சரியாக அமைகிறது.